அக்கா கொடுத்த புகார்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் நகல் இயந்திரம் சூடாவதற்குள் பதினேழு பதிவுகளை நீக்கினேன். எல்லாம் அதே மூலிகைப் பொடி விளம்பரம். "டயாலிசிஸுக்கு விடை கொடுங்கள்!" நேற்று நான் துரத்தியவன் இன்று வேறு படத்தை மாட்டிக்கொண்டு பல்லிளிக்கிறான்.

அத்தானுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது அக்கா தொடங்கிய இணையக் குழு இது. இப்போது ஆறாயிரம் குடும்பங்கள். ஆட்களை உள்ளே சேர்ப்பது அவள் வேலை, குப்பை கூட்டுவது என் வேலை. இத்தனை பேர் எப்படி அவள் கண்ணில் மண்ணைத் தூவுகிறார்கள்?

மார்ச் 5

கேட்டேன். "பாத்துதான்டி சேக்கறேன், நீ ரொம்ப அலட்டிக்காதே" என்றாள். பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை.

மார்ச் 9, திங்கள்

டயாலிசிஸை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி, குழுவின் உச்சியில் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் காணோம். மூன்று பேர் புகார் செய்தால் எந்தப் பதிவும் தானாக மறைந்துவிடும். அந்த விதியைப் போட்ட புத்திசாலி நானேதான். நிர்வாகிகள் எழுதுவதற்கு விலக்கு வைக்கத் தோன்றவில்லை.

புகார்ப் பட்டியலைத் திறந்தேன். இரண்டு பேர் பொடிக்காரர்கள். மூன்றாவது, அக்கா. காரணம் என்ற இடத்தில் 'ஸ்பாம்'.

கை தவறிப் பட்டிருக்குமோ? — இல்லை. அந்தப் பொடிக்காரர்கள் அத்தனை பேரையும் சேர்த்ததும் அவள்தான்.

மார்ச் 10

போனில் கேட்டேன். மறுக்கவில்லை. "எத்தனை நாளைக்கு அந்த மனுஷன் ஊசி குத்திக்கிட்டே கிடப்பாரு? ஒரு வழி தெரிஞ்சா அதையும் அடைக்கறியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

"அத்தானுக்கும் குடுக்கறியா?"

வைத்துவிட்டாள்.

மூணு மாசமா நான் அள்ளி அள்ளிக் கொட்றேன், கூடப் பொறந்தவ கதவைத் திறந்து விட்டுட்டே இருந்திருக்கா. என்னை எவ்வளவு பெரிய ஏமாளின்னு நினைச்சிருப்பா! அழுகையாக வருகிறது. கோபமும்தான்.

மார்ச் 11

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

மனசு கேட்கவில்லை, டயாலிசிஸ் மையத்துக்குப் போனேன். "திங்களும் புதனும் வரலையே. வெளியூர் போறோம்னு உங்கக்கா சொன்னாங்க" என்றார் நர்ஸ். அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். அத்தான் முகமெல்லாம் வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அக்கா வழியை மறித்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவளைப் பிடித்துத் தள்ளினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன டாக்சியில் அத்தான் என் கையை விடவே இல்லை. "உங்கக்காவத் திட்டாதேம்மா" என்றார். அந்த நிலைமையிலும்!

மார்ச் 16

தப்பித்துவிட்டார். தினமும் டயாலிசிஸ் செய்தார்கள். இன்று கஞ்சி குடித்தார், நர்ஸைக் கிண்டல்கூடச் செய்தார். அக்கா எட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

கடையில் இருக்கும்போது தையல்காரரின் மனைவி போன் செய்தாள். குழுவில் பழைய ஆள். அவள் கணவருக்கும் டயாலிசிஸ்தான். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"உங்க அத்தான் அந்தப் பொடியாலதான் எழுந்து உக்காந்துட்டாராமே! சிரிக்கிற மாதிரி படம் போட்டிருக்காங்க உங்கக்கா. திங்கக்கிழமையிலேருந்து இவருக்கும் டயாலிசிஸை நிறுத்திட்டேன்."

அந்தப் படம் நான் எடுத்தது. அக்காவும் பயந்துபோயிருப்பாளே என்று ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் அவளுக்கு அனுப்பினேன்.

அவர்கள் வீட்டு முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டு கடையைப் பூட்டினேன்.