ஒரே அடையாளம், இரண்டு ஊர்

இல்லை, கொடுக்கவில்லை. கட்டப்பனை ரிப்பேர் கடை வரைக்கும் கொண்டுபோனேன். திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

இன்று மதியம் நம் வீடியோ கேம் கன்சோலை மறுபடி இயக்கினேன். விசிறி சுழன்றதும் பின்பக்கத்திலிருந்து சூடாக ஏலக்காய் மணம். வண்டன்மேட்டில், எங்கள் வீட்டு ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு மேல்மாடியில்தானே அது இங்கே வந்த நாளிலிருந்து இருக்கிறது. வெளியே மழை. திரையில் அதே வாசகம்: இந்தக் கருவி நெட்வொர்க்கில் இணைய நிரந்தரத் தடை.

அதைப் படித்துவிட்டுச் சிரித்தவள் நீ ஒருத்திதான்.

பாலக்காட்டில் ஒரே அறையில் தங்கிப் படித்த காலம். கோயம்புத்தூரில் பழைய கன்சோல் ஒன்றை மலிவாக வாங்கினோம். ஏன் மலிவு என்பது அறைக்கு வந்த பிறகு புரிந்தது. முன்பு வைத்திருந்த ஆள் ஏதோ தில்லுமுல்லு செய்து, அதற்குத் தடை விழுந்திருந்தது. ஆளுக்கு அல்ல, கருவிக்கு. ஒவ்வொரு கன்சோலுக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் அடையாளம் பதித்து அனுப்புகிறார்கள். நெட்வொர்க்கின் கதவைத் தட்டும்போது அது முதலில் தன்னை யாரென்று சொல்லியாக வேண்டும்.

கொல்லங்கோட்டில் உன் அண்ணனின் கன்சோல் இடிமழையில் பழுதாகிக் கிடந்தது. அதன் அடையாளத்தை எடுத்து இதில் பதித்தாய். நான் தயங்கினேன்.

"ஏம்புள்ள, செத்த தாத்தன் பேரைப் பேரனுக்கு வெக்கறதில்லையா? அந்த மாதிரிதான்."

கதவு திறந்தது. அந்த விடுமுறைக்கு நீயும் கன்சோலும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். விளையாட்டுக்குள் ஆற்றங்கரையில் ஒரு வீடு கட்டினோம். நம் பேச்சையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டே இருந்தாய். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான்."

வந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசி அம்மாவை ஏமாற்றுவதாக என்னிடம் பந்தயம். "நல்லா இருக்கியளா சித்தி? மழ என்னா போடு போடுது!" அம்மா நம்பிவிட்டாள். மேல் எஸ்டேட் பிள்ளை என்றே நினைத்தாள். சோறு போட்டதும் நாங்கள் ஜெபத்துக்குக் கண்ணை மூடினோம். திறந்து பார்த்தால் நீ பாதி மீனை முடித்திருந்தாய். அம்மா சிரித்துவிட்டாள்.

"பேச்சு நம்ம ஊரு, கை வேற ஊரால்லா இருக்கு! ஏட்டி, உண்மையச் சொல்லு, எந்த ஊரு நீ?"

"கொல்லங்கோடுங்க," என்றாய், வாயில் மீனோடு.

பிறகு அதை வைத்துத்தான் எனக்கு விளக்கினாய். உங்கம்மா பண்ணுனதைத்தான் நெட்வொர்க்கும் பண்ணுது என்று. கருவி சொல்லும் எண், தொழிற்சாலை போட்ட கையொப்பம், உள்ளே இருக்கும் பாகங்களின் வகை. எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்று மாறினால் சந்தேகம். ஆனால் அன்றைக்கே வெளியே தள்ளாது. பொறுத்திருந்து பலரைச் சேர்த்துத் தள்ளும், எதனால் மாட்டினோம் என்று யாருக்கும் தெரியாதபடி.

"உங்கம்மா ஒடனே சிரிச்சுப்போட்டாங்க. அது சிரிக்காது, புள்ள."

நாம் மாட்டியது இப்படி எதிலும் அல்ல. உங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள் என்பதை நீயே மறந்துவிட்டாய். கிணற்று மோட்டாரிலிருந்து மிக்சி வரை எல்லாம் பொள்ளாச்சிக்குப் போய் உயிரோடு திரும்பும். அண்ணனின் கன்சோலும் திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கொல்லங்கோட்டில் இணைந்தார். அதே நேரத்தில் நாம் வண்டன்மேட்டில். ஒரே அடையாளம், இரண்டு ஊர். இரண்டுக்கும் தடை.

அண்ணன் கூப்பிட்டபோது, பதிவு ஓடிக்கொண்டிருக்கவே, போனை ஸ்பீக்கரில் போட்டாய்.

"அம்மணி, என்ற டப்பாவத் தடை பண்ணிப்போட்டாங்க! நான் என்ன பாவம் பண்ணுனேன்?"

"செத்ததை எதுக்குங்கண்ணா எழுப்புனீங்க?"

தரையில் உருண்டு சிரித்தாய். சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். அதிலிருந்து எழவேயில்லை. அவ்வளவுதான்.

போன வாரம் அண்ணன் பேசினார். குழந்தைக்கு உன் பெயர் வைத்திருக்கிறாராம். "அத்தை எப்படிப் பேசுவான்னு பின்னால கேப்பா. எங்ககிட்ட ஒண்ணுமே இல்லை, அம்மணி." என்னையும் அவர் அம்மணி என்றுதான் கூப்பிடுகிறார்.

உன் குரல் இதற்குள் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. விசிறி இப்போதெல்லாம் முனகுகிறது. எந்த நாளும் நிற்கலாம். பதிவுகளை நெட்வொர்க்கில் ஏற்றிக் காப்பாற்றலாம் என்றால், தடை. அதற்காகத்தான் கட்டப்பனைக்குப் போனேன்.

"வேற அடையாளம் போட்டுத் தரலாம்," என்றார் மலையாளிக் கடைக்காரர். "ஆனா உள்ள இருக்கிற பதிவெல்லாம் இப்ப இருக்கிற அடையாளத்தோட பூட்டுல இருக்கு. மாத்தினா திறக்காது, கேட்டோ."

அதாவது, நீ சூட்டிய அந்தப் பெயர் இருக்கும் வரைதான் உன் குரல்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தடை செய்யப்பட்ட பெயர்தான். இருந்துவிட்டுப் போகட்டும். கதவுக்கு வெளியே நிற்கிற எதைப் பார்த்தாலும் உன் சிரிப்பு முதலில் வருகிறது எனக்கு, அழுகை பிறகுதான்.

மாலை டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு, அதன் மேல் போனை வீடியோ எடுக்கும்படி நிற்கவைத்தேன். பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். நம் ஆற்றங்கரை வீடு போனில் கொஞ்சம் சாய்வாகப் பதிந்தது. கூரைத் தகரத்தில் மழைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. நீ விக்கிக்கொண்டு சிரிப்பதை முதலில் அண்ணனுக்கு அனுப்பினேன்.