ஓடையில் கொட்டிய கொழுந்து

2.4.2000
மதிப்பிற்குரிய நாட்குறிப்பிற்கு, சின்னம்மை பணிவுடன் எழுதுவது. பல நாட்கள் உம்மைத் திறவாமைக்குப் பொறுத்தருள்க. தண்ணீர்ச் சண்டைக்குத் தலைமை ஏற்றிருந்தேன். மேல் லயத்து வரிசைவீட்டாராகிய நாங்களும் கீழ் லயத்தாரும் ஒரே குட்டையில்தான் கருப்பு ஓஸ் குழாய் போட்டு ஓடைநீரை இறக்குகிறோம். இப்போது இரண்டு ஓஸும் வெறுமனே இருமுகின்றன. தேயிலைக் கொழுந்து விலை வீழ்ந்தபின் எனக்கு மிஞ்சியது கொல்லையில் போட்ட பீன்ஸ் ஒன்றே. பூ விட்டிருக்கிறது. இவ்வாரம் நீர் இல்லையேல் கருகும்.

3.4.2000
பேச்சுவார்த்தை. அவர்கள் சங்கம் வேறு, எங்கள் சங்கம் வேறு, கொடியும் வேறு. கீழ் லயத் தலைவி இசக்கியம்மா என் முன்னுரையிலேயே குறுக்கிட்டாள். "ஏட்டி, கதாகாலட்சேபத்தப் பொறவு வச்சுக்க. எங்க ஓஸ மிதிச்சது எவ?" தாங்கள் நாவை அடக்குதல் நலம் என்றேன்.

குட்டைக்கு மேலேயுள்ள கல்குவாரியின் மேலாளர் சில்வஸ்டர் நடுவராக வந்து அனைவருக்கும் டீ வாங்கித் தந்தார். "எங்களுக்குப் போர் தண்ணி இருக்குங்க. நீங்க ஒருத்தரையொருத்தர் அடிச்சுக்காதீங்க." பண்பாளர்.

4.4.2000
பூ உதிர்கிறது.

6.4.2000
விலை வீழ்ச்சியைக் கண்டித்துக் கொழுந்து கொட்டும் போராட்டம். சாலையில் கொட்டப் போலீஸ் விடவில்லை. "குவாரிக்கு மேலே பாலம் இருக்கிறது, ஓடையில் கொட்டுவோம், நீரே சாட்சி சொல்லட்டும்!" என்று முழங்கியவள் நானே. பலத்த கைதட்டல். சாக்குச் சாக்காய்க் கொட்டினோம்.

மாலையில் வாசலில் இசக்கியம்மா. "குடிக்கிற தண்ணியில கொழுந்தக் கொட்டச் சொன்ன மகராசி நீதானாமே?"

என்ன காரியம் செய்தேன்? அவ சொன்னது நெசந்தானே — என் புத்தி எங்க போச்சு? என் கணவர் ஏகநாதன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார். "விடு புள்ள. தேத்தண்ணின்னு நெனச்சுக் குடிச்சுக்குவம்."

7.4.2000
தண்ணீர்! ஓஸ் பாம்பாய்த் துள்ளுகிறது. பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கிறது, அடிக்கட்டும். பீன்ஸ் குளித்தது. ஆனால் எப்படி? மழை பெய்யவில்லையே?

ஓடையோரம் ஏறினேன். எதிர்க்கரையில் இசக்கியம்மாவும் ஏறிக்கொண்டிருந்தாள். குவாரிக்குப் பின்புறம், ஓடைக்கரைப் புதருக்குள் சில்வஸ்டர்! ஓடைக்குள் இறங்கியிருந்த ஒரு தடித்த குழாயின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டுக் கொழுந்தை அள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மோட்டார் புகைந்து கிடந்தது.

"என்ன சார்," என்றாள் இசக்கியம்மா, "ஒங்க போருல கொழுந்து வெளையுதோ?"

நான் தக்கதொரு வாக்கியத்தைத் தொடங்கினேன். வந்ததோ வேறு. "ரெண்டு எலை ஒரு மொட்டாப் பாத்துக் கிள்ளுங்க சார், முத்துனதெல்லாம் ஃபேக்டரியில எடுக்க மாட்டாங்க!" அதன்பின் இருவராலும் நிற்க முடியவில்லை. பாறையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தோம்.

11.4.2000
இரு கொடிகளுடன் தாசில்தார் அலுவலகம் சென்றோம். மனுவை இயற்றியது நான். உரக்க முழங்கியது இசக்கியம்மா. குழாயை அகற்ற உத்தரவாயிற்று.

20.4.2000
இன்று பீன்ஸ் முதல் பறிப்பு. நண்பகலில் ஓஸ் மீண்டும் இருமியது. மேலே புதருக்குள் மோட்டார் சத்தம். கீழ் லயத்திற்கு உடனே எழுதியனுப்பினேன், அதன் படி:

"அன்பிற்குரிய இசக்கியம்மா அவர்களுக்கு, இத்துடன் ஒரு பை பீன்ஸ். பண்பாளரின் குழாய் திரும்ப வந்துள்ளது. நாளைக் காலை நான்கு சாக்குக் கொழுந்துடன் புறப்படுகிறோம். இம்முறை ஓடையில் அல்ல, நேரே குழாயின் வாயில். தங்கள் தரப்பில் எத்தனை சாக்கு? உடனே பதில் அனுப்பவும்."