தம்பிக்கு ஒரு தட்டுச் சோறு

அம்மா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன்னிடம் இப்படிக் கெஞ்சுவது எனக்கே கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது. நீ யாரிடம் காட்டப்போகிறாய்? இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். இந்தத் தோட்டத்து லயத்தில் இப்போது தும்மினால்கூட ஆபீசுக்குச் செய்தி போய்விடுகிறது.

விளிம்பில் எனாமல் உதிர்ந்த உன் மங்குத் தட்டு கதவோரம் இருக்கிறது. அதில் ஒரு பிடி சோறு. லேசாகப் புளித்த வாடை அடிக்கிறது. இன்று இவ்வளவு நடந்த பிறகும் உன் சின்னவள் பாப்பா அதை வைத்துவிட்டுத்தான் படுத்தாள். தம்பி சாப்பிட வேண்டுமாம்.

பிறந்த அன்றே உன்னோடு போய்விட்ட தம்பி அவளுக்கு மட்டும் இன்னும் இருக்கிறான். அவனுக்குக் காரம் ஆகாது. பாயில் அவன் மேல் உட்கார்ந்துவிட்டேன் என்று என்னை எழுப்பிவிடுகிறாள். நேற்று அப்பா அவன் காலை மிதித்துவிட்டாராம். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் களைத்து வந்த மனிதரை, தம்பியிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் குளிக்கப் போகவிட்டாள். இல்லாதவனுக்கு இந்த வீட்டில் கிடைக்கிற மரியாதையில் பாதி எனக்குக் கிடையாது.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். ஜப்பான்காரன் காலத்தில் எனக்குச் சின்னி இருந்தாள், நினைவிருக்கிறதா? அடுப்புக்குப் பின்னால் குடியிருந்தாள். சின்னிக்கு இன்னொரு துண்டு மரவள்ளிக்கிழங்கு வேண்டுமாம் என்பேன். சின்னியாவது கின்னியாவது என்று அப்பா எரிந்து விழுவார். நீ உன் துண்டைப் பிட்டுச் சின்னிக்கென்று வைப்பாய். அதைத் தின்றது நான்தான். அது உனக்கும் தெரியும். சின்னிக்கு இருட்டு பயம் என்றால் விளக்கை அணைக்காமல் விடுவாய்.

"இல்லைனு சொல்லாதீங்க. என்ன வேணும்னு கேளுங்க, போதும்" என்று அப்பாவிடம் சொன்னாய்.

அது உனக்குச் சுலபமாக இருந்தது, அம்மா. சின்னியைத் தேடிக்கொண்டு யாரும் துப்பாக்கியோடு வரவில்லை.

நீ போன கொஞ்ச நாளிலேயே லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். நீங்கள் இருவரும் கிடக்கிற இடம் வேலிக்கு அந்தப் பக்கம், காட்டோரம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, சமைத்த சோறு ஒரு பருக்கைகூட கேட்டைத் தாண்டக் கூடாது. உன் கருமாதிக்கு அப்பா இலையில் கட்டிய படையலோடு கேட்டில் கெஞ்சிப் பார்த்தார். விடவில்லை. திரும்பி வந்து, "அவளும் பிள்ளையும் பசியோட கிடக்குதுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பாப்பா அவர் மடியில்தான் இருந்தாள். மறுநாளே தட்டு வைக்கத் தொடங்கிவிட்டாள். இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இத்தனை நாளும் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

இன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கேட்டுப் பக்கம் கூட்டமாக இருந்தது. பாப்பா கைச்சோற்றை வேலிக்கு அடியில் தள்ளியிருக்கிறாள். காவலுக்கு நிற்கும் போலீஸ்கார மாத்தா பார்த்துவிட்டார். மஸ்ஜித் தானாவிலிருந்து வரும் மலாய்க்காரர், கெட்டவர் இல்லை. யாருக்குச் சோறு என்று கேட்டாராம். தம்பிக்கு என்றாளாம். நம் பேச்சில் அவருக்குத் தெரிந்த நாலைந்து சொல்லில் தம்பியும் ஒன்று.

"தம்பி மானா?" என்றார்.

எங்கே என்று கேட்டால் இவள் சொல்லாமல் இருப்பாளா? நேராகக் காட்டைக் காட்டினாள்.

அப்படி ஒரு பையனே இல்லை என்று நான் கத்தினேன். "இருக்கான்" என்று பாப்பா என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். அவள் வாயைப் பொத்தினேன். பொத்தியதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இல்லாத ஒருத்தனுக்கு நான் எந்த ஐ.சி. அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டுவேன்?

அதற்குள் ஆபீசில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வந்துவிட்டார். பாப்பாவைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உன்ர தம்பி இப்ப எங்கை?"

அப்பாவின் முகம் செத்துவிட்டது. சித்தப்பாதான் காட்டில் இருக்கிறார் என்று கிராணி நினைத்துவிட்டார். அவர் வேலை தேடிச் சுங்கை ரம்பாய்க்குப் போனதோடு சரி, இதுவரை ஒரு தகவலும் இல்லை. அப்பா அதைத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல, கேட்கிற எனக்கே பொய் மாதிரி இருந்தது. நாளை ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும், ஆபீசில் விசாரணை, அதுவரை வீட்டை விட்டு நகராதே என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். நாளை அவர்கள் கேட்டால் தம்பி இல்லை என்று சொல்லச் சொல்லி, படுக்கும்போது பாப்பாவிடம் கெஞ்சினேன், மிரட்டினேன், கிள்ளியும் பார்த்தேன். அழுதாளே தவிர ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் நீ கேட்டதைக் கேட்டேன். தம்பிக்கு என்னதான் வேணும்?

அழுகையை நிறுத்தினாள். காதில் கேட்டுச் சொல்வதுபோல் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள்.

"சோறு வேணாமாம். அப்பாவக் கூட்டிட்டுப் போகக் கூடாதாம்."

அம்மா, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான்தான் இவ்வளவு நாளும் இல்லாதவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உன் கேள்வி மட்டும்தான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. நாளை ஆபீசில் இவளைத் திட்டாமல், அதையே அவர்கள் எதிரில் கேட்கப் போகிறேன். கிராணியும் பிள்ளை பெற்றவர்தானே, இவள் சொல்வதைக் கேட்டால் அவருக்காவது

கதவு தட்டுகிறார்கள். அப்பா எழுந்துவிட்டார். பாப்பாவும் விழித்துக்கொண்டாள். அம்மா, இவள் தம்பியைப் போர்வைக்குள் ஒளித்து வைக்கிறாள், சத்தம் போடாதே என்று அவனிடம்