கையில் கத்தி, கண்ணில் இருட்டு

புதன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. முகத்தில் மண் அடிக்கிறது. அறஃபா நோன்பு. நோன்போடும் காலையில் சாய்ந்தமருதிலிருந்து காரைதீவு வரை கடற்கரை ஓட்டம். அஸர் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைத்த ஸுஜூதிலிருந்து எழும்பியபோது கண் இருண்டது. பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்து நின்றேன். இந்த மாதம் நாலாவது தடவை. முப்பத்தொரு வயது, இறைச்சிக் கடை, மாட்டைக் கொம்பில் பிடித்துச் சாய்க்கிறவன். தலைச்சுற்று என்று யாரிடம் சொல்வது?

நாளைக் குர்பானிக்குக் கத்திகள் தீட்டியாயிற்று.

வியாழன். பெருநாள்



விடிந்ததிலிருந்து ஒரு பிளேன்டீ மட்டும். இரண்டு மாடு முடிந்தது. மூன்றாவதைக் குந்தியிருந்து உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே மாட்டின் காலைப் பிடித்தபடி ரிஸ்வான், மனைவியின் தம்பி.

"கயிறு அறுந்திட்டு! மாடு வருது!" யாரோ கத்தினார்கள்.

துள்ளி எழும்பினேன். அவ்வளவுதான். வெளிச்சம் போய்விட்டது.

கண் திறந்தபோது மண்ணில் கிடந்தேன். ரிஸ்வானின் தொடையில் என் கத்தி.

"மைதானத்தில அறைஞ்சவன், இப்ப குத்திட்டான்!" சுற்றி நின்றவர்களில் ஒருவன்.

போன கிழமை பந்தாட்டத்தில் எல்லாரும் பார்க்க அவனை அறைந்தது உண்மை. அதனால் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. உதைத்தார்கள். மேலுதடு கிழிந்தது. ஒரு பல் ஆடுகிறது.

ரிஸ்வானுக்கு ஒன்பது தையல்.

வெள்ளி. காற்று நிற்கவில்லை

என் மனைவி ஸீனத் தலையணையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். காலையில் கதவடியில் நின்று கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. வேணுமெண்டா செஞ்சீங்க?"

"அல்லாஹ்வுக்காக இல்லகா. கண் இருண்டிட்டு."

"அவனப் பாத்துத்தான் எழும்பினீங்களாம்."

சுவரில் குத்தினேன். விரல் மூட்டு வீங்கிவிட்டது. ஜும்ஆத் தொழுகையில் பக்கத்தில் நின்றவர் வேறு வரிசைக்குப் போனார்.

சனி. ஆஸ்பத்திரி

டாக்டர் சின்ன வயதுப் பெண். படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். சடாரென்று நிற்கச் சொல்லி மறுபடியும். சுவர் சரிந்தது, என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஈசிஜி நோர்மல்.

"நல்லா ஓடுறவங்களுக்கு நாடி மெதுவா அடிக்கும். டக்கெண்டு எழும்பினா ரத்தம் காலுக்கு இறங்கிரும், தலைக்கு வரக் கொஞ்சம் பிந்தும். நோன்பு, வெயில், குடிச்ச தண்ணியும் காணாது. பிறகென்ன?"

சொன்னவை: தண்ணீர் நிறையக் குடிக்க. எழும்ப முன் காலை இறுக்கித் தளர்த்த. மெதுவாக. இருண்டால் உடனே குந்த. கத்தியோடு எழும்பவே கூடாது (இது நான் சேர்த்தது).

ஸீனத்திடம் டாக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டினேன். "கடதாசியில என்னத்தையும் எழுதலாம்."

ஞாயிறு

மாலையில் ரிஸ்வான் வந்தான், ஒரு காலை இழுத்துக்கொண்டு. நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

"தலைச்சுற்று வருத்தமெண்டு கதை கட்டுறீங்களாம்?"

"மச்சான், கேளு..."

சட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையில் தூக்கினான். முகத்துக்கு நேரே அவன் பல். பிறகு இருட்டு.

மேசை விளிம்பில் நெற்றி வெடித்துவிட்டது. காதுதான் முதலில் திரும்பியது. ஸீனத்தின் அலறல். "மச்சான்! கண்ணத் திறங்க மச்சான்!" என்று அவன். என் தலை அவன் மடியில். தையல் போட்ட காலையும் மடித்து இருந்தான். சத்தம் கேட்டு வாசலில் கூடியவர்களைப் பார்த்துக் கத்தினான்.

"இவர் வேணுமெண்டு குத்தல்ல! எழும்பினா விழுறார்! என்ட கண்ணால கண்டன், போங்க எல்லாரும்!"

எழும்பப் போனேன். நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

"கிடங்க. நான் சொல்லுமட்டும் எழும்பப்படாது."

அந்தக் கையில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அவன் அதை எடுக்கவில்லை.