ஆடியில் திரும்பிப் போன பாஸ்போர்ட்

மாமா,

என் பாஸ்போர்ட் இன்று காலை வந்துவிட்டது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் வெகு நேரமாயிற்று. உறையைப் பிரிக்க மனமில்லாமல் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். பழைய பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதியது எடுத்ததால், குடியிருப்பு விசாவைப் புதியதில் மாற்றி வாங்க இங்கே நியூசிலாந்தில் உள்ள குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தோம். அந்த நேரம் பார்த்து நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் மகன் மட்டும் விமானம் ஏறினார். நேற்று சிதம்பரத்தில் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. இனி இது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

உங்கள் மேல்கூடக் கோபம் வருகிறது மாமா. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா?

2006ஆம் வருடத்து ஆடியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் முடிந்த சில நாட்களிலேயே உங்கள் மகன் வேலைக்காக நியூசிலாந்துக்குத் திரும்பிவிட்டார். விசாவுக்காக டெல்லிக்கு அனுப்பிய என் பாஸ்போர்ட் இன்று வரும், நாளை வரும் என்றிருந்தோம். அதற்குள் ஆடி பிறக்கப் போகிறதென்று கடலூரிலிருந்து அப்பா சீர்த்தட்டோடு வந்து நின்றார். புதுசாய்க் கல்யாணமானவர்களைப் பிரித்து வைக்கத்தான் ஆடி அழைப்பு. எங்களுக்கு நடுவில் ஏற்கெனவே ஒரு பெருங்கடல் கிடந்தது. அது யாருக்கும் போதவில்லை. முறை என்றால் முறை என்று அழைத்துப் போய்விட்டார்.

நான் அங்கே இருந்தபோதுதான் ஸ்பீடு போஸ்ட் வந்திருக்கிறது. வழக்கமான தபால்காரர் விடுப்பில் இருந்தார். வந்தவர் ஊருக்குப் புதியவர். என் பெயரைச் சொல்லிக் கேட்டவரிடம் நீங்கள், "அவ இங்க இல்லீங்களே, அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டோம்" என்றீர்கள். ஆடி மாதத்தில் அதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும் என்பது உங்கள் நினைப்பு. என்ன தபால் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

பாஸ்போர்ட் டெல்லிக்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் உங்கள் மகனுக்குத் தகவல் வந்தது. மறுபடி அனுப்பச் சொல்லிவிட்டு, எங்களிடம் போனில் கத்தினார். விசாவில் போட்டிருந்த தேதிக்குள் நான் போய் இறங்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாழப் போனவள், பிறந்த வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்து அழுதேன்.

அடுத்த பஸ்ஸில் நீங்கள் வந்தீர்கள். சட்டைப் பொத்தான் மாறிப் போயிருந்தது. கொடுத்த காபியைத் தொடவில்லை.

"பொண்ணக் கூட்டிட்டுப் போறேங்க. மறுபடி தபால் வர்றப்ப அவ எங்க வூட்ல இருக்கணும்."

அம்மா பதறிப்போனாள். "ஆடியில எப்புடிங்க அனுப்பறது? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"புருசனே இல்லாத வூட்டுக்கு ஆடியில வந்தா என்னாங்க ஆவப்போவுது? தபாலுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா?"

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த வேகத்தில் நீங்களே என் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டீர்கள்.

பஸ்ஸில் பரங்கிப்பேட்டை தாண்டியபோது என் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டீர்கள். பிறகு, "என் வாயாலதாம்மா போச்சு. எங்க வூட்டுப் பொண்ணு, வந்துடுவான்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாம்" என்றீர்கள். எனக்கு உங்கள் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நீங்கள் பட்ட பாடு! தெருவில் சைக்கிள் மணி கேட்டால் போதும், சோற்றில் கை வைத்தபடி எழுந்து ஓடுவீர்கள். என்னைக் கோயிலுக்குக்கூட விடவில்லை. "காலு வலிக்கும், உக்காருங்க மாமா" என்றால், "உக்காந்தா மனசு கெடந்து அடிச்சிக்குதும்மா" என்பீர்கள். அத்தை, "தபால்காரன் வர்றதுக்குள்ள இந்த மனுசன் தரையத் தேச்சுடுவாரு" என்று முணுமுணுப்பார்.

கடைசியில் தபால் வந்தது. தபால்காரர் அடையாள அட்டை கேட்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நல்லாப் பாத்துக்கங்க, இவதான். எங்க வூட்டு ஆளு. இங்கதான் இருக்கா." அவர் பேந்தப் பேந்த விழித்தார். அன்று மத்தியானம்தான் நீங்கள் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். மறுநாளே முகம் வாடிவிட்டது. நான் போகப்போவது அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது போலிருந்தது.

இந்தத் தரிக்காத கால் உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டதுதான். தபாலில் எதை அனுப்பினாலும் அது திரும்பி வரும்வரை உட்கார முடிவதில்லை. நீங்கள் போன செய்தி வந்த நாளிலிருந்து இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

டிக்கெட் போடப் போகிறேன் மாமா. "இப்ப வந்து என்னம்மா பண்ணப் போற? பொறுமையா வா" என்கிறார் அத்தை. கேட்பதாக இல்லை. காரியம் முடிந்த வீட்டுக்கு வருகிறவளை, துக்கம் விசாரிக்க வந்தவள் என்றுதான் தெருவில் சொல்வார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் புறப்படும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அதுதான் முறை.

நான் நம் வீட்டு ஆள் மாமா, சொல்லிவிட்டுத்தான் புறப்படுவேன். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன்.