மூன்றாம் நம்பர் அறை

அம்மாவுக்கு நீல்டா எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அல்பாக்காக்கள் குட்டி போட்டாயிற்றா?

ஜூன் திருவிழாவுக்கு குஸ்கோ வந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாமா வீட்டில் தங்கவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம், நான் வேலை செய்யும் விடுதிக்கே வா. போன மாதம் ஒரு விருந்தாளியின் பெட்டியோடு படியில் லேசாகச் சறுக்கிவிட்டேன். இப்போது கால் சரியாகிவிட்டது, பயப்படாதே. அன்று முதலாளி எர்மெலிண்டா அம்மாள்தான் அதட்டினார்.

"அடியே, சுமை தூக்குற லாமா மாதிரி முறைச்சுக்கிட்டு நிக்காத! என் தோளப் பிடிச்சுக்கிட்டு ஏறி மூணாம் நம்பர்ல போய்ப் படு. அறுபது படி ஏறணும்னு எவனும் அந்த ரூம எடுக்கிறதில்ல."

இரண்டு வருடமாக எல்லோருக்கும் அறை காட்டுகிறேன். நான் ஒன்றில் படுத்தது அன்றுதான். மூன்று நாளும் சூப்பை அவரே மேலே கொண்டுவந்தார். "உங்கம்மா வந்தா அவங்களுக்கும் இந்த ரூம்தான். வாடகைன்னு வாயத் தொறந்தீங்க, தெரியும் சேதி!" என்றார்.

மற்றவர்களுக்கு இங்கே மூச்சு வாங்கும். நம் ஊர் உயரத்துக்கு குஸ்கோ பள்ளம்தான். படியேற உன் முழங்காலுக்கு என் தோள் இருக்கிறது. பனியில் காயவைத்த உருளைக்கிழங்கும் என் பழுப்புக் கம்பளியும் கொண்டுவா.

கீழே கூப்பிடுகிறார்கள். ஒன்று விட்டுப்போயிற்று: அந்த ஜன்னலில் ஔசங்காத்தே தெரிகிறது, நம் வாசலுக்கு எதிரே நிற்கும் அதே பனிமலை. அந்தக் கண்ணாடியை மட்டும் தினமும் இரண்டு தடவை துடைக்கிறேன்.

உன் நீல்டா