நியமத்தில் இல்லாத வரிகள்

மாசி 6

"பெருமதிப்பிற்குரிய பொறியியலாளர் அவர்களுக்கு, பணிவான வணக்கம். தங்கள் அறிவித்தல் வெளியாகி இத்துணை காலம் தாழ்த்தி எழுத நேர்ந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகின்றேன்."

உலாவியை ஆக்கும் நிறுவனத்தின் பொறியியலாளருக்கு இவ்வாறு தமிழில் தொடங்கி, பின்னர் அகராதியின் துணையுடன் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினேன். பல்கலைக்கழக வாசல் மிதியாதவள் எழுதியது என்று அதில் எங்கும் தெரியாது.

விடயம் இதுதான். மறைந்த என் அண்ணாவின் மனைவி அமராவதி மச்சாள், இறுதி யுத்தத்தில் செல்துண்டு பட்டுக் குரலை இழந்தவர். பேனா பிடிக்கும் கையும் விளங்காது. நான் எழுதிய ஒரு கணினிப் பக்கத்தின் வழியேதான் ஆண்டுக்கணக்காக அவர் கதைக்கிறார். இடக்கை விரலால் பெரிய கட்டங்களை அழுத்தினால், கணினி எழுத்துகளைச் சொல்லாக்கும். அவர் வழமையாகச் சொல்பவற்றைத் தானே முன்னால் நீட்டும். நேற்று அயல்வீட்டுச் சுப்பம்மாவின் மகளுக்குப் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்காகக் கணினியை இணையத்துடன் தொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறக்கும் உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. இன்று பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.

மாசி 7

காரணத்தை, கடிதம் எழுதுமுன் நேற்றே நானே கண்டறிந்திருந்தேன். அந்த உலாவி, எல்லா உலாவிகளுக்கும் பொதுவான நியமத்தில் இல்லாத சில நிரல் எழுத்துமுறைகளை முன்பு விளங்கிக்கொண்டது. வேறெந்த உலாவிக்கும் அவை விளங்கா. குறுகியவை, பார்க்க வடிவானவை. நான் கற்றதே அவற்றில்தான். முழுப் பக்கத்தையும் அவற்றால் கட்டினேன். இப்போது உலாவியின் உள்ளிருந்து அவற்றை அகற்றிவிட்டார்கள். "நியமமன்று, தவிர்க்கவும்" என்று எச்சரித்துத்தான் இருந்தார்கள். வாசித்தேன். வாசித்தும் அந்த வரிகளையே எழுதினேன்.

மச்சாள் கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டேயிருந்தா. தேத்தண்ணியோ? தலையிடியோ? சுப்பம்மாவைக் கூப்பிடவோ? எல்லாத்துக்கும் இல்லை, இல்லை. கடைசியாச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா. என்னதான் கேட்டவா?

மாசி 10

பதில் வந்தது. மரியாதையான பதில். அந்த வசதிகளை எவரும் பயன்படுத்துவதாகத் தரவுகள் காட்டவில்லையாம். தரவு அனுப்புவது இணையத்தில் இருக்கும் கணினி. எங்கள் கணினியோ ஐந்து நாட்களுக்கு முன்பு வரை இணையத்தைக் கண்டதில்லை. ஆகவே எண்ணப்படவில்லை. கணக்கில் விடுபடுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆயினும் ஓர் உலாவியிடமிருந்து நான் இதை எதிர்பார்க்கவில்லை.

கடிதத்தின் கடைசி வரி: நியமப்படி மாற்றி எழுதினால் எல்லா உலாவிகளிலும், கைத்தொலைபேசியிலும் இயங்கும்.

மாசி 11

பூவரசங்குளத்திலிருந்து ராஜினி பேசினாள். மச்சாளின் தங்கை. "சுமித்திராக்கா, உங்கட பக்கம் என்ர போனில வேலை செய்யுமெண்டா அக்காவை நான் கொண்டுவந்து வைச்சிருப்பன் எண்டு அப்பவே சொன்னனானெல்லோ. நீங்கள்தான் ஏலாதெண்டனீங்கள்."

நான் சொன்னது பொய்யன்று. அப்போது பொய்யன்று.

மாசி 13

பழைய பதிப்பைத் தேடி எடுத்து நிறுவிவிட்டேன். பக்கம் உயிர்பெற்றது. மச்சாள் முதன்முதலில் அழுத்தியது: "விசிறியை நிப்பாட்டு எண்டுதான் அண்டைக்குத் தட்டினனான். விறைச்சுப்போனன். தேத்தண்ணியாம் தேத்தண்ணி."

இருவரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பிலும் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

பின்னர்: "திரும்பவும் நிண்டுபோகுமோ?"

"இல்லை. இனி இணையம் தொடுக்க மாட்டன்."

"அப்ப நானும் இந்த மேசையோட கட்டுப்பட்டுக் கிடக்கவேணும்."

பொறியியலாளர் என்ன எழுதினார் என்று கேட்டார். தமிழில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை.

மாசி 14

ஏன் வாசிக்கேல்லை? வாசிச்சா என்ன நடந்திடும்?

என்ன நடக்குமெண்டு தெரிஞ்சுதானே வாசிக்கேல்லை.

மாசி 19

இன்று அந்தக் கடைசி வரியையும் வாசித்தேன். மச்சாள் கட்டங்களை அழுத்தினார்:

"ராஜினியின்ர போனிலயுமோ?"

"ஓம்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"கடிதம் வந்த அண்டைக்கே."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டுவதற்கென்றே எத்தனை சொற்களை அந்தப் பக்கம் கற்று வைத்திருக்கிறது! ஒரேயொரு சொல்லை அழுத்தினார்: "எழுது."

பங்குனி 2

மாற்றி எழுதுகிறேன். என்னுடைய குறுகிய வரிகள் ஒவ்வொன்றாக நீண்டு, எவரும் எழுதக்கூடிய வரிகளாகின்றன. இதை எவர் பார்த்தாலும் சுமித்திரா எழுதியது என்று சொல்ல முடியாது. ஒரு வரிக்காக முழுக் காலையும் செலவாயிற்று. மச்சாள் பக்கத்துக் கதிரையில் இருந்து பகிடி விடுகிறார்: "பிள்ளை பெறுறவள் மாதிரி முனகாத." பிறகு: "அனுப்புறதுக்கும் ஒரு கட்டம் வை."

"ஆருக்கு அனுப்பப் போறியள்?"

"உனக்கில்லை. நீ பக்கத்தில தானே இருக்கிறாய்."

சொல்லிவிட்டு விரலை இழுத்துக்கொண்டார். நான் கட்டத்தை வைத்தேன்.

பங்குனி 15

ராஜினியின் தொலைபேசியில் இயங்குகிறது. பிழை ஒன்றும் இல்லை. ஒரு பிழையாவது இருந்திருக்கலாம்.

பங்குனி 17

காலை பஸ்ஸில் ராஜினி கூட்டிச் சென்றாள். ஏறும்போது மச்சாள் என் கன்னத்தில் இடக்கையால் ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது.

பங்குனி 18

வீட்டில் எவரும் எதையும் தட்டவில்லை.

பங்குனி 21

இன்று மச்சாளிடமிருந்து செய்தி வந்தது. மூன்று தடவை பதில் தொடங்கினேன். மூன்றும் விண்ணப்பக் கடிதம் போலிருந்தன, அழித்தேன். அவர் அனுப்பியதை இங்கே பிரதிசெய்து வைக்கிறேன்:

"சுமித்திரா, ராஜினி கறிக்குப் புளி விடுறாளில்லை. நேற்றுச் சந்தைக்குப் போனனான். மீன்காரன்ர மூஞ்சைக்கு முன்னால போனை நீட்டினன், 'கொள்ளைக்காரா' எண்டு. வாசிச்சுப்போட்டு விலையைக் குறைச்சவன். அவளின்ர மகள் தனுஷா இப்ப என்னோடதான் படுக்கிறாள், கதை சொல்லச் சொல்லி. நான் அழுத்தி முடிக்க முதல் நித்திரையாப் போயிடுறாள். இஞ்ச நல்லாயிருக்கு. நான் திரும்பி வாறதெப்ப எண்டு நீ கேக்கவே இல்லை. கேக்க மாட்டியோ? கெதியாப் பதில் போடு."